கட்டமும் காரணமும்

சென்ற பருவத்தில் ஒருநாள் நம் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் எழுந்த சொற்போரொன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. சுடோகு என்னும் எண்கட்டப் புதிரின் கடியதொரு வகையை ஒருவர் விடுவிக்க, பல்லாயிரவர் தத்தம் வீட்டிலிருந்தவாறே அதனைத் திரையிற் கண்டு மகிழும் வழக்கம் இந்நாளிற் பெருகியிருக்கின்றது. நாமும் அவ்வழக்கத்திற்கு ஆட்பட்டவர் என்பதை அறிந்த பொருளாதார வகுப்பு நண்பர் ஒருவர், “பிறர் உண்ணக் கண்டு தம் வயிற்றைத் தடவிக்கொள்வார் போலும் இவர்!” என்று நகையாடினார். அருகிருந்த மற்றொருவர், “கணிப்பொறி நொடிப்பொழுதில் முடிப்பதை மனிதர் ஒருவர் ஒரு மணி நேரம் உழன்று முடிக்கின்றார், அதைக் காண்பதில் யாது பயன்?” என்றார். நாம் விடையிறுக்க மாட்டாது தேநீரைப் பருகிக்கொண்டிருந்தோம். வாதத்திற்கேற்ற விடை தேநீர் ஆறி, வாதித்தவர் எழுந்து சென்ற பின்னரே நமக்குத் தோன்றுவது வழக்கம். அவ்விடையை ஈண்டு எழுதத் துணிந்தோம். அதனுள் நம் பிழையொன்றும் கலந்திருக்கின்றது. அதனை விலக்கி எழுதினால் விடையும் பொய்யாகிவிடும்.

சுடோகுவை அறியாதார் இங்கு மிகச் சிலரே யாதலின், அதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி அமைவோம். ஒன்பது வரிசையும் ஒன்பது நிரலுமாக எண்பத்தொரு கட்டங்கள். அவை மும்மூன்றாகப் பகுக்கப்பட்டு ஒன்பது சிறுசதுரங்களாக அமையும். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் சிறுசதுரத்திலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொருமுறை வரவேண்டும். ஜப்பானியப் பெயர் பூண்டிருப்பினும் இப்புதிர் பிறந்தது அமெரிக்காவிலேயாம். ஹோவர்ட் கார்ன்ஸ் என்பார் இயற்றியது 1979-இல் டெல் நிறுவனத்தார் இதழில் வெளிவந்தது. 1984-இல் நிக்கோலி என்னும் ஜப்பானியப் பதிப்பகத்தார் அதனைத் தம் நாட்டிற் பரப்பினர். ஹாங்காங்கில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற வேய்ன் கூல்ட் என்பவரின் முயற்சியால் 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழ் அதனை வெளியிடத் தொடங்கியது. பின்னர் உலகின் காலை நாளிதழ்களெல்லாம் அதற்கு இடமளித்தன. உலகப் போட்டி நம் நாட்டில் 2008-இல் கோவாவிலும் 2017-இல் பெங்களூரிலும் நிகழ்ந்தது. இவ்வளவு போதும்.

இனி, கடிய வகை என்றது யாது? பழைய விதிகளோடு புதிய விதிகளையும் கூட்டி இயற்றுவது. கட்டங்களின்மேல் வெப்பமானி போன்ற குழல்களை வரைந்து, குமிழிலிருந்து நுனிவரை எண்கள் ஏறிச்செல்ல வேண்டுமென்பர் ஒருசாரார். சில கட்டங்களைப் புள்ளிக்கோட்டாற் சூழ்ந்து, அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் மூலையில் எழுதி, தொடக்க எண் ஒன்றேனும் கொடாது விடுவர் மற்றொரு சாரார். சதுரங்கக் குதிரையின் பாய்ச்சற்குட்பட்ட இரு கட்டங்களில் ஒரே எண் வரலாகாதென்பர் வேறு சிலர். விதி மிகுந்தோறும் தொடக்கத்திற் கொடுக்கவேண்டிய எண்கள் குறைந்துகொண்டே செல்லும். விடை ஒன்றேயாக இருக்கவேண்டுமெனின் சாதாரணச் சுடோகுவிற்குக் குறைந்தது பதினேழு எண்களேனும் கொடுத்தாக வேண்டுமென்பதனை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மக்குவயர் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2012-இல் கணிப்பொறிகொண்டு நிறுவினர். விதி மிக்க புதிருக்கோ இரண்டெண்ணே போதுமாதலும் உண்டு.

தமிழ் ஆனர்ஸ் பயிலும் நமக்கு இவ்விடத்தில் வெண்பாவின் நினைவு வாராமற் போகாது. மாச்சீரின் முன் நிரையசை வரவேண்டும். விளச்சீர், காய்ச்சீர்களின் முன் நேரசை வரவேண்டும். ஈற்றடி முச்சீராக நிற்றல் வேண்டும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்றாதல் வேண்டும். ஒரு சீரை வைத்த அப்பொழுதே அதனை அடுத்து வரும் சீரின் தலையசை இன்னதென்று முடிந்துவிடுகின்றது. முதலாண்டில் வெண்பா இயற்றப் புகுந்து, பொருள் ஒருபுறமும் தளை ஒருபுறமுமாக இழுக்க நாம் பட்ட பாட்டை நம் வகுப்புத் தோழர்கள் மறந்திரார். கடிய சுடோகுவும் அத்தகையதே. ஒரு கட்டத்தில் ஓரெண்ணை வைத்தால், அடுத்துள்ளதும் தொலைவிலுள்ளதுமான பல கட்டங்கள் அக்கணமே கட்டுண்டுவிடுகின்றன. ஆகவே, ‘எண்’ என்ற பெயரைக் கேட்டவுடன் இது கணித மாணவர்க்குரியதென்று தமிழ் மாணவர் விலகிப் போதல் நேரிதன்று. இதில் கூட்டலுமில்லை, பெருக்கலுமில்லை எனப் பலகால் சொல்லலாம், உள்ளதெல்லாம் யாப்பே.

பலர் காண விடுவித்த புதிர்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் ஆன்டனி, மார்க் குட்லிஃப் என்னும் இருவர் ‘கிராக்கிங் தி கிரிப்டிக்’ என்னும் பெயரில் 2017 முதல் யூடியூபில் நாடோறும் புதிர்களை விடுவித்துக் காட்டி வருகின்றனர். 2020 மே மாதத்தில், பெருந்தொற்றினால் உலகம் கதவடைத்துக் கிடந்த நாளில், மிட்செல் லீ என்பவர் இயற்றிய புதிரொன்றைச் சைமன் எடுத்துக்கொண்டார். எண்பத்தொரு கட்டங்களுள் இரண்டிலேயே எண்கள் இருந்தன. ஐந்தாம் வரிசையின் மூன்றாம் கட்டத்தில் 1. ஆறாம் வரிசையின் ஏழாம் கட்டத்தில் 2. ஏனைய எழுபத்தொன்பதும் வெறுமை. சுடோகுவின் பொது விதிகளோடு வேறு மூன்று விதிகள் உண்டு: சதுரங்க அரசன் ஓரடியிற் செல்லத்தக்க இரு கட்டங்களில் ஒரே எண் வரலாகாது, குதிரை ஒரு பாய்ச்சலிற் செல்லத்தக்க இரு கட்டங்களிலும் ஒரே எண் வரலாகாது, பக்கத்துப் பக்கமாகவோ மேலுங்கீழுமாகவோ ஒட்டிநிற்கும் இரு கட்டங்களில் 3, 4 போன்ற தொடரெண்கள் வரலாகா. புதிரைக் கண்டவுடன், இஃது எவரோ தம்மை ஏளனஞ்செய்ய அனுப்பியதோவென்று சைமன் ஐயுற்றார். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்தில் எண்பத்தொரு கட்டமும் நிரம்பின. அவர் முகத்தில் ஐயம் சிரிப்பாகி, சிரிப்பு வியப்பாகி, வியப்பு மகிழ்ச்சியான மாற்றத்தைப் பின்னர்க் கண்டோர் பல இலட்சம் பேர்.

அவர் சென்ற வழியின் தொடக்கத்தை நாமும் சிறிது நடந்து பார்ப்போம். படிப்பவர் ஒரு தாளிற் கட்டம் வரைந்துகொள்வது நலம். நடுச் சிறுசதுரத்தில் 1 எங்கே அமரும்? அச்சதுரத்தின் ஒன்பது கட்டங்களுள் ஐந்தாம் வரிசையிலுள்ள மூன்றும் ஆகா. அவ்வரிசையில் 1 முன்னரே இருக்கின்றது. எஞ்சிய ஆறனுள் நான்காம் நிரலிலுள்ள இரண்டும் அந்த 1-க்கு அரசன் அடித் தொலைவில் உள்ளன, ஆகா. ஐந்தாம் நிரலிலுள்ள இரண்டும் குதிரைப் பாய்ச்சலில் உள்ளன, அவையும் ஆகா. எஞ்சியவை ஆறாம் நிரலிலுள்ள இரண்டே. அவற்றுள் கீழுள்ளது, ஆறாம் வரிசையில் 2-ஐ ஒட்டி நிற்கின்றது. 1-உம் 2-உம் தொடரெண்களாதலின் அதுவும் ஆகாது. ஆகவே நான்காம் வரிசையின் ஆறாம் கட்டமே 1-இன் இருப்பிடம். இனி வலப்பக்கத்துச் சிறுசதுரத்தை நோக்குக. நான்காம் வரிசையிலும் ஐந்தாம் வரிசையிலும் 1 வந்துவிட்டது. ஆறாம் வரிசையில் ஏழாம் கட்டம் 2. எட்டாம் கட்டம் அதனை ஒட்டியது. ஒன்பதாம் கட்டமே எஞ்சுகின்றது. நடுச் சதுரத்திற்கு மீண்டு, 2 எங்கே என்று கேட்பின், இம்முறையிலேயே நான்காம் வரிசையின் நான்காம் கட்டம் கிடைக்கும். அதனைப் படிப்பவருக்கே விட்டுவிடுகின்றோம். வெறும்பாலை போற் கிடந்த கட்டங்களில் ஐந்தெண்கள் நின்றுவிட்டன. ஓரிடத்தும் ‘இருக்கலாம்’ என்ற சொல் வந்திலது.

இதுவே நம் நண்பர்க்கு நாம் சொல்லவேண்டிய விடையின் முதற்பகுதி. பிறர் உண்ணக் கண்டு பசியாறுதல் இயலாது. பிறர் நடக்கக் கண்டு வழியறிதல் இயலும். ஒரு புதிரின் விடையைக் காண விரும்புவோர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாற் போதும். இவ்வழக்கத்திலே மக்கள் காண விழைவது விடையையன்று. ‘இங்கே ஏன் இது?’ என்பதற்கு ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் காரணத்தையே.

கணிப்பொறியைக் காட்டி வாதித்த நண்பர்க்கும் இதிலேயே விடையுண்டு. பொறி எவ்வாறு விடுவிக்கின்றது? பெரும்பாலும் ஒரு கட்டத்தில் ஓரெண்ணை இட்டுப் பார்க்கின்றது. முரண் தோன்றுமாயின் எடுத்துவிட்டு வேறோரெண்ணை இடுகின்றது. இவ்வாறு இலட்சக்கணக்கான முறை இட்டும் எடுத்தும் முடிக்கின்றது. அதனைக் குறைகூறுவதற்கில்லை. பொறி ஊகிக்கின்றது எனினும், ஊகித்தவற்றுள் ஒன்றையும் சோதியாது விடுவதில்லை. மனிதராகிய நாமோ ஒன்றை மட்டும் இட்டுப் பார்த்து, அது பொருந்திவிட்டால் அதற்கு ‘அறிவு’ என்று பெயரிட்டுக்கொள்கின்றோம். கட்டுரைப் பாடத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டெழுதிக் கொணரும் தோழர்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர்கள் தாளில் விடை இருக்கும், அவர்களிடம் காரணம் இராது என்பதை ஆசிரியர்கள் ஒரே வினாவில் அறிந்துகொள்கின்றனர்.

பலர் நடுவே அறிவை நிகழ்த்திக் காட்டுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. அவதானக் கலையை நம் பாட்டனார் தலைமுறையினர் நன்கறிவர். முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டும், இடையிடையே ஒலிக்கும் மணியைக் கணக்கிட்டுக்கொண்டும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடித்துக்கொண்டும், கணக்கிற்கு விடை சொல்லிக்கொண்டும் ஒருவரே அமர்ந்திருப்பர். எட்டுச் செயல்களில் ஒருங்கே மனஞ்செலுத்துவார் அட்டாவதானி, நூறாயின் சதாவதானி. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்கொண்டார். இராயப்பேட்டை வெஸ்லியில் தமிழாசிரியராக விளங்கித் திரு. வி. க. அவர்கட்குத் தமிழறிவூட்டிய நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானியே. மிஷன் கல்விச்சாலைகளின் தமிழ்வகுப்பிற்கும் இக்கலைக்கும் உறவு உண்டென்பதற்காக இதனைக் குறித்தோம்.

அப்பெரியோர்கள்பால் நமக்குள்ள மதிப்பிற்கு எல்லையில்லை. எனினும் ஒரு வேற்றுமையைச் சொல்லாதிருத்தல் இயலாது. அவதானியின் அவையில் அமர்ந்தோர் வியந்து எழுந்து சென்றனர். கற்று எழுந்து சென்றனரல்லர். நூறு செயலும் அவர் உள்ளத்தே எவ்வாறு நிகழ்ந்தன என்பது அவர்க்கே தெரியும். தண்டியலங்காரத்துச் சொல்லணியியல் கூறும் சருப்பதோபத்திரமும் அத்தகையதே. நான்கடி, அடிக்கு எட்டெழுத்து; அறுபத்துநான்கு அறைகளில் எழுதினால் நாற்புறமும் அதே பாட்டாக ஓடும். முடிந்த கட்டத்தைப் புலவர் நம் கையிற் கொடுத்தார். எவ்வெழுத்தை முதலில் வைத்தார், எதனை அழித்தார், எங்கே ஓரிரவு முழுதும் விழித்திருந்தார் என்பவற்றைக் கொடுத்திலர். வகுப்பிலே அக்கட்டத்தைக் காணுந்தோறும் நமக்கு வியப்பினும் ஏக்கமே மிகும். மாணவர்க்கு வேண்டுவது அழித்த எழுத்துக்களின் வரலாறு. திரையில் ஒருவர் கட்டத்தை வெறித்து நோக்கி, “சற்றுமுன் சொன்னது பிழை, திரும்பச் செல்வோம்” என்று நாணமின்றிச் சொல்வதை நாம் கேட்ட நாளில், அவ்வேக்கத்தில் ஒரு சிறு பகுதி தீர்ந்தது.

இனி நம் பிழையைச் சொல்லுதல் வேண்டும்.

நம் இல்லம் திருவான்மியூரில், கடற்கரைக்குச் சிறிது மேற்கே உள்ளது. ருக்மிணிதேவி அருண்டேல் 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திரம் பின்னாளில் இவ்வூர்க்குப் பெயர்ந்து வந்ததனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துத் தெருக்களில் பரதம் பயிலாத சிறுமியர் அரியர். அண்டை வீட்டுச் சிறுமி ஏழாம் வகுப்பினள். மாலைதோறும் அவள் வீட்டிற்கு ஆசிரியை ஒருவர் வந்து பயிற்றுவிப்பார். தட்டுக்கழியின் ஓசை நம் மாடியறைவரை கேட்கும். ஓசை இடையில் நின்றால் அவள் அடி பிழைத்தாள் என்பது பொருள்; சிறிது பொறுத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மேடையில் இந்நிறுத்தங்கள் கேட்பதில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, நண்பர் சிலர் வேண்டியதற்கிணங்க, அம்மாடியறையிலிருந்து குதிரைப் பாய்ச்சல் விதியுடைய புதிரொன்றைக் கூகுள் மீட் வழியாக விடுவித்துக் காட்ட இசைந்தோம். ஏறக்குறைய நாற்பது பேர் கூடினர். விடுதித் தோழர்கள், திருநெல்வேலியிலுள்ள நம் உறவினர் சிலர், அண்டை வீட்டுச் சிறுமி. தமிழிலேயே விளக்குவதென்று உறுதி பூண்டிருந்தோம். முதல் அரைமணி நேரம் செவ்வனே சென்றது. ஏழாம் வரிசையின் இரண்டாம் கட்டத்திற்கு வந்தபோது 4 அல்லது 7 என்று நின்றது. அதற்கப்பால் வழி தெரியவில்லை. ஒரு நிமிடம் கழிந்தது. ஐந்து நிமிடம் கழிந்தது. நாற்பது பேர் மௌனமாய் நோக்கியிருப்பதை எதிரே காணாது உணர்தல் எத்துணைக் கொடியது என்பதை அதனைப் பட்டவரே அறிவர். ஒரு தோழர் தம் ஒலிவாங்கியை அடைக்க மறந்து கொட்டாவி விட்டது கேட்டது. நாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆகவே இங்கே 7” என்றோம். ‘ஆகவே’ என்னும் அச்சொல்லை நாம் அன்று களவாடினோம் என்றே சொல்லவேண்டும். அதற்கு முன்னே அதனைத் தாங்குவது ஒன்றுமில்லை. 7 பொருந்திற்று. இருபது நிமிடத்தில் புதிர் முடிந்தது. கைதட்டும் படங்கள் திரையெங்கும் எழுந்தன.

அப்பொழுது அச்சிறுமி, “அண்ணா, அந்தக் கட்டத்தில் 4 ஏன் ஆகாது?” என்று கேட்டாள்.

“முழுதும் பார்த்தால் தானே விளங்கும்,” என்றோம். ஒன்றும் அறியாத ஆசிரியர் ஒருவர் மாணவர்க்குச் சொல்லும் விடை இதுவன்றோ! இத்தகைய விடையை வெறுத்தே நாம் வளர்ந்தோம். நம் வாயினின்றும் அது தங்குதடையின்றி வந்தது. தேர்வு ஒன்றில் பாவினம் இன்னதென்று அறியாது ‘ஆசிரியத்துறை’ என்றெழுதி மதிப்பெண் பெற்ற நாளும் அன்றிரவு நினைவுக்கு வந்து துன்புறுத்தியது. அன்று கேட்பாரில்லை, இன்று ஒரு சிறுமி கேட்டுவிட்டாள்.

மூன்று நாள் அக்கட்டம் நம்மை விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை திருவான்மியூர் நிலையத்தில் பறக்கும் இரயில் ஏறி, தாளை மடிமேல் விரித்துக்கொண்டு அமர்ந்தோம். கஸ்தூர்பா நகர் கடந்தது, கோட்டூர்புரம் கடந்தது. அடையாற்றுப் பாலத்தின்மேல் வண்டி செல்கையில் காரணம் கண்ணிற் பட்டது. நாம் அதுவரை ஏழாம் வரிசையையே வெறித்திருந்தோம். காரணமோ அதற்கு மேலுள்ள சிறுசதுரத்தில் இருந்தது. ஏழாம் வரிசையின் இரண்டாம் கட்டத்தில் 4-ஐ வைத்தால் இரண்டாம் நிரல் முழுதும் 4-க்கு அடைபடும். குதிரைப் பாய்ச்சலால் ஐந்தாம் வரிசையின் முதற்கட்டமும் மூன்றாங்கட்டமும் அடைபடும். மேலைச் சிறுசதுரத்தில் பின்னர் எஞ்சுவன நான்கு மூலைகளே. அந்நான்கிலும் முன்னரே வேறெண்கள் அமர்ந்திருந்தன. ஆகவே 4-க்கு அச்சிறுசதுரத்தில் இடமே இல்லாது போகின்றது. இம்முறை ‘ஆகவே’ என்னும் சொல் தனக்குரிய இடத்தில் நின்றது. மகிழ்ச்சி மிகுதியால், எதிரே அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவரிடம் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சினோம்.

இங்குத் தமிழைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இப்புதிர்களை விடுவிப்போர் பேசும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் இதற்குச் சொல்லில்லை என்று நம் நண்பர்கள் சிலர் உறுதியாக நம்பியிருக்கின்றனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையைக் கற்றோர் அவ்வாறு சொல்லார். நிறுவப் புகும் கூற்று பக்கம்; அதற்குரிய காரணம் ஏது; முன்னறிந்த சான்று திட்டாந்தம். மலையில் தீயுண்டென்பது பக்கம்; புகை எழுவது ஏது; அடுக்களையிற் கண்டது திட்டாந்தம். நாம் சனிக்கிழமை இரவு செய்தது ஏதுவின்றிப் பக்கத்தை நாட்டியதே. அந்நூலின் இருபத்தேழாம் காதையில் அளவைகளை எண்ணும்போது மீட்சி என்று ஒன்று வருகின்றது: இராமன் வென்றான் எனின் இராவணன் தோற்றான் எனக் கொள்ளுதல். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் கூறும் ஒழிபு என்பதும் இவ்வினத்ததே. ஆகாதவற்றை ஒவ்வொன்றாய்க் கழித்து எஞ்சியதைக் கொள்ளுதல் எனப் பொருள்படும் ‘ஒழிபு’ என்னும் இச்சொல்லைக் காட்டிலும் சுடோகுவிற்கேற்ற சொல் எம்மொழியிலுண்டு? இச்சொற்களைத் தேர்வு முடிந்ததும் மூட்டைகட்டி வைக்கும் நாம், சொல்லில்லை என்று பிறகு வருந்துகின்றோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ‘ஏன் ஆகாது’ என்று தமிழில் கேட்டாள். அவ்வினா முழுமையாகவே இருந்தது. குறை விடையில்தான்.

எனவே நம் கருத்து இது: கடிய புதிரைப் பலர் காண விடுவித்தல் நல்லதொரு பயிற்சி, கல்லூரியில் தமிழ் மாணவரும் கணித மாணவரும் ஒருங்கு கூடிச் செய்யத்தக்கது. ஆனால், காரணம் சொல்லாது ஓரெண்ணையும் வைத்தலாகாது; காரணம் தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லும் துணிவு விடுவிப்பார்க்கு வேண்டும்; அதனைப் பொறுக்கும் மனம் காண்பார்க்கு வேண்டும். பின்னதே அரிதென்று அஞ்சுகின்றோம். விரைவையே கைதட்டி வரவேற்கும் அவையில் ஊகம் மிகும். பெரிய போட்டிகளில் காலங்குறித்து விடுவிப்போர் ஊகித்தல் உண்டென்றும், ஆங்கு அது குற்றமன்றென்றும் நம்மோடு வாதிடுவோர் உளர். ஒப்புக்கொள்கின்றோம், ஆங்கு எவர்க்கும் எவரும் ஒன்றும் கற்பிப்பதில்லை.

செவ்வாய் மாலை வீடு திரும்பியதும் தாளோடு அண்டை வீட்டிற்குச் சென்றோம். ஆசிரியை இன்னும் வந்திலர். வாயிற்படியில் அமர்ந்து, மேலைச் சிறுசதுரத்தையும் நான்கு மூலைகளையும் குதிரைப் பாய்ச்சலையும் விளக்கினோம். அவள் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிப் பார்த்துத் தலையசைத்தாள்.

“அன்றைக்கு இது தெரியாதா, அண்ணா?”

“தெரியாது.”

“தெரியாது என்றே சொல்லியிருக்கலாமே? நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேடியிருப்போமே.”

நாற்பது பேர் நம்மைத் தேர்வு செய்ய அமர்ந்திருக்கின்றனர் என்றே நாம் அன்று எண்ணியிருந்தோம். உடன்தேட வந்திருக்கின்றனர் என்பது ஒருகாலும் தோன்றியதில்லை. மறுமொழி சொல்லுமுன் ஆசிரியை வந்துவிட்டார். அவள் உள்ளே ஓடினாள். மாடியேறும்போது தட்டுக்கழி ஒலித்தது. இருமுறை நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிற்று.

வரும் பருவத்தின் முதற் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, வெப்பமானிக் குழல்களையுடைய புதிரொன்றை விடுவிக்கப் புகுகின்றோம். முன்னரே விடையறியாத புதிரையே எடுப்போம். வழி தெரியாத இடத்தில் நின்று கேட்போம். சிற்றுண்டிச்சாலை நண்பர்கள் இருவரையும் அழைத்திருக்கின்றோம். பொருளாதார நண்பர் உணவு உண்டாயின் வருவதாகச் சொன்னார். அச்சிறுமி தவறாது வருவாள்.